விமானங்கள் ஒரு நாடாக இருந்தால்

நேயர்களுக்கு வணக்கம். உலகில் பறக்கும் விமானங்கள் அனைத்தையும் சேர்த்து ஒரு நாடு என்று வைத்துக்கொண்டால், கரியமில வாயுவை வெளியிடும் நாடுகளின் வரிசையில் அது எந்த இடத்தில் நிற்கும்? 2019ஆம் ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 100 கோடி டன். சீனா, அமெரிக்கா, இந்தியா, ரஷ்யா, ஜப்பான் ஆகிய ஐந்துக்கும் அடுத்து, ஜெர்மனிக்கும் முன்னால், ஆறாவது இடம்.

விமானத்தில் நிரப்புவது, நாம் ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயின் நன்கு சுத்திகரித்த வகைதான். அது ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோவுக்கும் சற்று அதிகமாகக் கரியமில வாயு வெளிவருகிறது. ஒன்று எப்படி மூன்றாகும் என்று கேட்காதவர்கள் குறைவு. எண்ணெயில் உள்ள கரி, எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது. சென்னையிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் செல்லும் பெரிய விமானம் ஒரு வழிக்கு ஏறத்தாழ 50 டன் எரிபொருளை எரிக்கிறது என்றால், வெளிவரும் வாயு 150 டன்னைத் தாண்டும். உள்ளே இருக்கும் 250 பேரும் அவர்களுடைய பெட்டிகளும் சேர்ந்தே 25 டன் அளவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாட்டோடு ஒப்பிடுவதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியின் புகைக்குக் கணக்குக் கேட்க அந்நாட்டு மக்களும் நாடாளுமன்றமும் இருக்கிறார்கள். உள்நாட்டு விமானங்களின் வாயு அந்தந்த நாட்டின் கணக்கில் சேருகிறது. ஆனால் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்குள்ள பன்னாட்டு விமானங்களின் வாயு எந்த நாட்டின் கூட்டுத்தொகையிலும் சேருவதில்லை. இத்தகைய வாயுக்களைக் குறைக்க 1997இல் உருவான கியோட்டோ ஒப்பந்தம் அந்தப் பொறுப்பை மான்ட்ரியலில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் விட்டது. அந்த அமைப்பு 2016இல்தான் ஒரு திட்டத்தை ஏற்றது. அதுவும் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடும் வாயுவை வேறிடத்தில் வாயுவைக் குறைத்து ஈடுகட்டச் சொல்லும் திட்டமே. மீண்டும் சொல்கிறேன்: ஆறாவது இடத்தில் நிற்கும் இந்த 'நாட்டின்' பெரும்பகுதிக்குக் கணக்குக் கேட்க ஓர் அரசும் இல்லை.

இந்த நாட்டின் குடிமக்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2018இல் உலக மக்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் மட்டுமே விமானம் ஏறினார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஜப்பானின் வாயுவில் அந்நாட்டு மக்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு பங்கு உண்டு. இதிலோ, விமானமே ஏறாத பத்தில் ஒன்பது பேருக்கு வெப்பத்தில் மட்டும்தான் பங்கு.

நேரம் நெருங்குவதால் ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். உயரத்தில் விமானம் விட்டுச்செல்லும் வெண்கோடுகளும் பூமியின் வெப்பத்தை, குறிப்பாக இரவில், வெளியேற விடாமல் தடுக்கின்றன. அந்த 100 கோடி டன் கணக்கில் அவை சேரவில்லை.