சி டிரைவின் சிவப்புப் பட்டை

நேயர்களுக்கு என் வணக்கம். வீட்டுக் கணினியில் 'சி' டிரைவில் இடம் நிரம்பி, அதன் நீலப் பட்டை சிவப்பாக மாறியதைக் கண்டதும், கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கத் தொடங்குவது நம்மில் பலருக்கும் வழக்கம். அப்படி அழிப்பதில் பெரும்பகுதி வீண் உழைப்பு என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இன்றும் அதையே சொல்லப் போகிறேன்.

என் அக்கா வீட்டில் நடந்தது இது. அத்தான் ஒரு வாரமாக, இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணினி முன் அமர்ந்து, பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அழித்துக்கொண்டிருந்தார். "ஒரு ஜிபி கூட கூடல மாப்ளே, கம்ப்யூட்டரே கெட்டுப்போச்சு போல" என்றார். நான் போய்ப் பார்த்தபோது அத்தனை படங்களும் ரீசைக்கிள் பின்னில் பத்திரமாக இருந்தன. அழித்த கோப்பு அந்தத் தொட்டியில் கிடக்கும் வரை அது பிடித்திருந்த இடம் விடுபடாது. தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். காலி செய்வதற்கு முன் அக்கா உட்கார்ந்து பாதிப் படங்களை மீட்டுக்கொண்டது தனிக்கதை.

பாரம் உண்மையில் வேறிடத்தில் இருந்தது. மகளின் கல்யாண வீடியோ 22 ஜிபி. டெஸ்க்டாப்பில் ஒன்று, டவுன்லோட்ஸில் ஒன்று, 'நியூ ஃபோல்டர் 2' என்ற பெயரில் இன்னொன்று என மூன்று நகல்கள். கைப்பேசிப் படம் ஒன்று நான்கைந்து எம்பி என்று வைத்துக்கொண்டால், அந்த வீடியோவின் ஒரு நகலை நீக்குவது ஏறத்தாழ ஐயாயிரம் படங்களை அழிப்பதற்குச் சமம். ஆகவே முதலில் அளவைப் பாருங்கள், அழிப்பது பிறகு. வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அது ஓடுகிறதா என்று பார்த்த பின்பே மற்றவற்றை நீக்கினோம்.

விண்டோஸ் கணினியானால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அதுவே வரிசையாகக் காட்டிவிடும். அங்கே 'டெம்பரரி ஃபைல்ஸ்' பட்டியலில் ஒரு பொறி உண்டு: தற்காலிகக் கோப்புகளுக்கு நடுவே டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் நிற்கும். அவசரத்தில் அதற்கும் டிக் போட்டுவிட்டால், இறக்கி வைத்த வங்கி அறிக்கையும் வீட்டு வரி ரசீதும் சேர்ந்தே போய்விடும். விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பின் தங்கும் பழைய பதிப்பு பல ஜிபி பிடிக்கும் என்றாலும், பத்து நாளில் அது தானாகவே நீங்கிவிடும் என்பதால் பொறுத்திருக்கலாம்.

இடையில் ஒன்று: 256 ஜிபி வட்டு 238 என்று காட்டினால் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

கணினி உறங்கப் போகும் முன் திறந்திருப்பவற்றைச் சேமித்து வைக்கும் ஹைபர்னேட் கோப்பைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். எட்டு ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அது சுமார் மூன்று ஜிபி பிடிக்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் ஃபோல்டருக்குள், விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர், எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், அதைக் கையால் அழிக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.