முகமூடிக்குள் இருக்கும் காயம்

அவைத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மனநல மருத்துவப் பெருமக்களே, இடமின்றி நின்றுகொண்டே கேட்கும் பெற்றோர்களே! எனக்கு முன் பேசிய முதல்வர் அம்மையார் என் உரையில் பாதியைப் பேசிவிட்டார். அவருக்கு என் வணக்கம். கையில் மணியோடு காத்திருக்கும் செயலாளருக்கும் வணக்கம்.

சித்திரக்கதை நாயகர்களின் குற்ற உணர்வு, கோபம், குடி என்று மூன்றைப் பேச வந்தேன். மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: யானைக்கும் அடி சறுக்கும்.

1962-இல் பிறந்த ஸ்பைடர்மேனைப் பாருங்கள். பிடிக்க முடிந்த திருடனை 'எனக்கென்ன' என்று விட்டான். அதே திருடன் அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொன்றான். அந்தக் குற்ற உணர்வுதான் அவனை ஓட வைக்கிறது, வலை அல்ல. அதே ஆண்டில் வந்தவன், கோபம் வந்தால் பச்சை அரக்கனாகும் ஹல்க். அவன் கோபத்துக்கு வேர் தேடிய கதாசிரியர்கள், சிறுவயதில் தந்தையிடம் அடிபட்டவன் அவன் என்று 1985-இல் காட்டினார்கள். யானைக்கும் அடி சறுக்கும்!

இங்கே ஓர் ஆய்வைச் சொல்லியே ஆகவேண்டும். 2017-இல் வெளியானது. நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகள் 180 பேர். கணினியில் பத்து நிமிடம் செய்யவேண்டிய, கொட்டாவி வரவழைக்கும் வேலை. பக்கத்திலேயே ஐபேடில் விளையாட்டு. எப்போது வேண்டுமானாலும் போகலாம். பெரியவர்களே தாங்குவோமா? ஒரு குழு, 'நான் கடுமையாக உழைக்கிறேனா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு குழு, தன் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும். மூன்றாவது குழுவுக்குத்தான் யோகம்: பிடித்த பாத்திரமாக வேடமிட்டு, 'பேட்மேன் கடுமையாக உழைக்கிறானா?' என்று கேட்கவேண்டும். வேடமிட்டவர்களே அதிக நேரம் வேலையில் நின்றார்கள், பெயர் சொன்னவர்கள் அடுத்து, 'நான்' கடைசி. மொத்தத்தில் பெரும்பொழுது விளையாட்டில்தான் போனது என்பதையும் மறைக்க மாட்டேன். யானைக்கே சறுக்கும்போது நான்கு வயதுக்குச் சறுக்காதா?

ஆகவேதான் பள்ளி ஆலோசனை அறை ஒவ்வொன்றிலும் சித்திரக்கதை அலமாரி கேட்கிறோம். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். நாம் எடுத்துக் கொடுத்தால் அது வீட்டுப்பாடம். நாயகன் தோற்ற பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 'இப்போது இவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். 'உனக்கும் இப்படித்தானா?' என்று உடனே பாய்ந்தால் வாய் மூடிக்கொள்ளும். 'அவனைப்போல் தைரியமாக இரு' என்றால் அழுத பிள்ளைக்கு வெட்கமும் சேரும். இது சிகிச்சைக்கு மாற்றல்ல. பேச்சைத் தொடங்க ஒரு வழி.

மணி அடித்துவிட்டார். அயர்ன்மேனின் குடியை, 1979-இலேயே எழுதிவிட்டார்கள், இன்னொரு மேடையில் பேசுகிறேன். அலமாரிக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.