காக்கிறது அமைதிப்படை: ஏற்காடு கோடை விழா பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கும் சேலத்துப் பெருமக்களே, வணக்கம். மோதல் நடக்கும் நாடுகளில் பன்னாட்டு அமைதிப்படை மக்களைக் காக்கிறதா, வேடிக்கை பார்க்கிறதா என்பது தலைப்பு. காக்கிறது என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஆப்பிரிக்காவின் ருவாண்டாவை எடுத்தார். நூறு நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொலை. நீலத் தொப்பிக்காரர்கள், அதாவது ஐ.நா. அமைதிப்படையினர், என்ன கிழித்தார்கள் என்று கேட்டார். ஐயா, 1994 ஜனவரியிலேயே ஆயுதப் பதுக்கலைப் பற்றி அந்தப் படையின் தளபதி டலேர் நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார். கைப்பற்ற அனுமதி இல்லை என்று பதில் வந்தது. ஏப்ரலில் கொலை தொடங்கியதும் ஐ.நா. பாதுகாப்பு அவை கூடி, சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது! மே மாதம் மனம் மாறி 5,500 என்றது. ஆனால் ஐ.நா.வுக்குச் சொந்தப் படை கிடையாது. ஒவ்வொரு நாடாகப் போய்க் கேட்க வேண்டும். கவச வண்டிக்கு வாடகை எவ்வளவு, ஏற்றிச் செல்லும் செலவு யாருடையது என்று வாரக்கணக்கில் பேரம் நடந்தது. வண்டி வருவதற்குள் கொலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. அத்தனைக்கும் நடுவே, மிச்சமிருந்த அந்தச் சிறு படை தலைநகர் கிகாலியின் விளையாட்டு அரங்கில் தஞ்சம் புகுந்த ஆயிரக்கணக்கானோரைக் காத்தது. கையைக் கட்டியவரை விட்டுவிட்டு, கட்டுண்டவரைக் கூண்டில் ஏற்றலாமா?

ஆறு ஆண்டு கழித்து மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். 2000 மே மாதம் கிளர்ச்சிக்காரர்கள் சுமார் 500 அமைதிப்படையினரைப் பிடித்து வைத்தார்கள். கைலாஹுனில் முற்றுகையில் சிக்கிய இந்திய வீரர்களை ஜூலையில் நம் படை முன்னின்று 'ஆபரேஷன் குக்ரி' நடத்தி மீட்டது. அதன்பின் படையின் உச்சவரம்பு 17,500 ஆனது. பிரிட்டன் தனியாக இறக்கிய படையும் உதவியது, மறுக்கவில்லை. 75,000-க்கும் மேற்பட்டோர் ஆயுதம் விட்டார்கள். 2002-ல் தேர்தல். 2005 இறுதியில் படை கிளம்பிவிட்டது.

போராளிகளின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கி வைப்பது லேசான வேலையா? வருபவர் போராளிதானா என்று பார்க்க ஏ.கே.-47-ஐக் கழற்றி மாட்டச் சொல்வார்கள். பெயர் பதிந்து, அட்டை கொடுத்து, கைச்செலவுக்குப் பணமும் தொழிற்பயிற்சியும் தருவார்கள். இதில் ஓட்டையும் இருந்தது: கடத்தப்பட்டு, சமைக்கவும் சுமக்கவும் வைக்கப்பட்ட பெண்பிள்ளைகளிடம் துப்பாக்கி ஏது? பலர் பட்டியலிலேயே வரவில்லை. பக்கத்து நாடான லைபீரியாவில் 2003 டிசம்பரில் ஆயுதம் ஒப்படைக்க முகாம் தாங்காத கூட்டம் வந்து, கலவரமாகி, வேலையை நிறுத்தி 2004 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கினார்கள். இவை திருத்தக்கூடிய குறைகள்; திருத்தவும் செய்தார்கள்.

1987-ல் யாழ்ப்பாணம் போன இந்திய அமைதிப்படையைப் பற்றி எதிரணித் தங்கை கேட்டார். அந்த வலி எனக்கும் உண்டம்மா. ஆனால் அது ஐ.நா. படை அல்ல. இந்தியா, இலங்கை இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் போன படை. புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. ஐ.நா. விதி மூன்று: மோதும் தரப்புகளின் சம்மதம், பக்கம் சாராமை, தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காக்கவும் தவிர ஆயுதம் தொடாமை. அக்டோபரில் சண்டை மூண்டதும் மூன்றும் போயின.

ஈழத்தைச் சாட்சிக்கு அழைப்பதென்றால் 2008 செப்டம்பரையும் அழையுங்கள். பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். 2009 மே வரை பாதுகாப்பு அவை இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில்கூடச் சேர்க்கவில்லை. ஐ.நா. தன் கடமையில் தவறியதை 2012-ல் அதன் சொந்த ஆய்வுக்குழுவே எழுதியது. அமைதிப்படை போன இடங்களின் கணக்கை மட்டும் எதிரணி வாசித்தது. போகாத முள்ளிவாய்க்காலின் கணக்கையும் இந்த மேடையில் வைத்துவிட்டு, பிறகு எங்களைக் குறை சொல்லட்டும், நடுவர் அவர்களே.