கன்னத்துக் காயம் மூடும் விதம்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தைப்பூசம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. பத்து நாள் விரதமிருந்து நம் மொரீஷியஸின் கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்குக் காவடி எடுத்தவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அலகு குத்திய கன்னம் அநேகமாக மூடியிருக்கும். அந்தச் சிறு துளைக்குள் நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன்.

செல்கள் தமக்கு வெளியே ஒரு பின்னலை நூற்றுப் பரப்பி, அதன்மேல் வாழ்கின்றன. அதன் முக்கிய இழை கொலாஜன் என்னும் புரதம். மூன்று சங்கிலிகள் சடைபோல முறுக்கிய அதன் வடிவத்தை 1954-55இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் முன்னோர் பலர் கப்பலேறிய அதே ஊர்! மொரீஷியஸ் மேடையில் இதைச் சொல்ல எனக்குப் பெருமை.

வெகுகாலம் இந்தப் பின்னலை வெறும் அடைப்புப் பஞ்சாகவே கருதினார்கள். ஆனால் செல்லின் சவ்வில் இன்டெக்ரின் என்னும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒரு நுனி வெளியே இழையைப் பற்றுகிறது. மறுநுனி உள்ளே செல்லின் சட்டகத்தோடு இணைகிறது. இழை இறுகினால் செல்லுக்குத் தெரியும். செல் இழுத்தால் இழை நெளியும். பிடி நழுவிய செல் பெரும்பாலும் தானே மடிந்துவிடும். புற்றுநோய்ச் செல்லோ பிடியின்றியும் பிழைத்து, ரத்தத்தில் ஏறி வேறு உறுப்பில் குடியேறுகிறது.

காயத்தில் உறைந்த ரத்தத்தின் வலைதான் முதல் சாரக்கட்டு. அதைப் பிடித்து ஏறிவரும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் முதலில் மெல்லிய கொலாஜனை இடுகின்றன. பிறகு மாதக்கணக்கில் அதைப் பிரித்து, உறுதியான இழையாகத் திரும்பப் பின்னுகின்றன. நிறுத்தாமல் பின்னிக்கொண்டே போனால் தோலில் தழும்பு மேடாகிறது. கல்லீரலில் அது தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோய் ஆகிறது. விறைத்த பின்னலே செல்லை மேலும் பின்னத் தூண்டுவது கொடுமையான சுழல்.

சர்க்கரை நோய்க்கு வருகிறேன். நம் தீவில் அது தொடாத குடும்பம் அரிது. ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைக்கவைக்கிறது. ஆறாத புண்ணில், பழுதான இழையை அரிக்க வேண்டிய நொதிகள் புதிதாக இட்டதையும் அரித்துவிடுகின்றன. எஞ்சிய இளம் பின்னலும் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையால் நசுங்கிக் கிழிகிறது. காலில் புண் வந்தால் நடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்வது அதனால்தான்.

வெறுங்காலோடு தார்ச்சாலையில் பாற்செம்பு சுமந்த சர்க்கரை நோயாளிகளே, உணர்வு மழுங்கிய காலில் கொப்புளம் வலிக்காது. இன்றிரவு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். பார்வை மங்கியவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.