கண்ணாடிபோல் மின்னினால் மட்டும் போதாது
(பொருள் அறிவியல், பொறியியல் துறையின் உலோக நுண்ணமைப்பு ஆய்வகத்தில், முதலாண்டு மாணவர்களுக்கும் உடன் வந்த பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

‘பொருள் துறை’ என்றதும் ‘பொருளாதாரமா?’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய பெயர் மெட்டலர்ஜி. உலோகத்தோடு பீங்கான், பிளாஸ்டிக், குறைக்கடத்தி எல்லாம் சேர்ந்த பிறகு பல இடங்களில் பெயர் மாறியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1945இல் உலோகவியல் துறையாகத் தொடங்கியதுதான் இன்று பொருள் பொறியியல் துறை. பெயர்க் கதை இவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

லேத் பட்டறைகளில் ஈ.என்.8 என்பார்களே, சுமார் 0.4 சதவீதம் கார்பன் உள்ள எஃகு, அதில் ஒரே கம்பியிலிருந்து இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் 850 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, ஒன்றை உலையிலேயே ஆற விடுங்கள், மற்றதைத் தண்ணீரில் போடுங்கள். முதல் துண்டை அரம் சுலபமாகத் தின்னும். இரண்டாவதில் அரம் வழுக்கும். ரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் இரண்டுக்கும் ஒரே சீட்டுதான் வரும். அப்படியானால் மாறியது எது? உள்ளே இருக்கும் அமைப்பு. அதைக் கண்ணால் பார்ப்பதுதான் இந்த அறையின் வேலை.

பார்ப்பது சுலபம். பார்க்கும்படி ஆக்குவதுதான் கடினம். நுண்ணோக்கியில் தெரிவது எஃகா, நம் கைவேலையா என்ற சந்தேகம் இங்கே வேலை செய்பவருக்கு ஒருபோதும் போகக் கூடாது.

வெட்டுவதிலிருந்தே பார்ப்போம். குளிர்நீர் சரியாகப் பாயாமல் கட்டிங் வீலை அழுத்தினால் வெட்டிய முகம் நீலம் பூக்கும். நீலம் என்றால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். கடினப்படுத்திய எஃகானால் அந்த அடுக்கு அப்போதே மென்மையாகியிருக்கும். பிறகு எவ்வளவு அழகாகப் பாலிஷ் போட்டாலும், நீங்கள் படமெடுப்பது வெட்டுச் சக்கரம் செய்த வெப்பப் பதப்படுத்தலைத்தான்.

அடுத்தது மவுண்டிங். சின்னத் துண்டைக் கையில் பிடித்துத் தேய்க்க முடியாது, பேக்கலைட் தூளில் புதைத்து 150 முதல் 180 டிகிரிச் சூட்டில் அழுத்துவோம். சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் தண்ணீரில் தோய்த்தெடுத்ததால் மார்டென்சைட் என்ற கடின அமைப்பு உண்டான துண்டுக்கு அந்தச் சூடே அதிகம், அமைப்பு மாறத் தொடங்கும். அதற்கு அறைச் சூட்டிலேயே இறுகும் எப்பாக்சிப் பிசின். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

இனி தேய்ப்பு. 220, 400, 600, 800, 1200 என்று சிலிக்கான் கார்பைடு உப்புத்தாள்கள், எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் துண்டை 90 டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் முந்தைய தாளின் கீறல் குறுக்கே தெரியும், போய்விட்டதா என்று சொல்ல முடியும். பெரும்பாலோர் கீறல் மறைந்ததும் அடுத்த தாளுக்குத் தாவுவார்கள். தவறு அங்கேதான். கீறல் ஒரு பள்ளம் மட்டுமல்ல, அதன் அடியில் உலோகம் நசுங்கியிருக்கிறது. பள்ளத்தைத் தேய்த்து அகற்றினாலும் நசுங்கல் கீழே கிடக்கும். கடைசியில் அமிலம் பட்டதும், போய்விட்டது என்று நினைத்த கோடு பேய்போல எழுந்து வரும். ஆகவே கீறல் மறைய எவ்வளவு நேரம் ஆனதோ, அதே அளவு நேரம் இன்னும் தேயுங்கள். தாள் மாற்றும்போது துண்டை மட்டுமல்ல, கையையும் கழுவுங்கள். 220 தாளின் ஒரே ஒரு துகள் 1200இல் விழுந்தால் அரை மணி நேர உழைப்பு வீண்.

பாலிஷுக்கு வெல்வெட் துணியில் டைமண்ட் பேஸ்ட், 6, 3, 1 மைக்ரான். துண்டை ஒரே திசையில் பிடித்துக்கொண்டே நின்றால் எஃகுக்குள்ளேயே சிக்கியிருக்கும் ஒவ்வொரு கசட்டுத் துகளுக்குப் பின்னாலும் வால் நட்சத்திரம்போல ஒரு வால் இழுபடும். சக்கரம் சுற்றும் திசைக்கு எதிராகத் துண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது வராது. வார்ப்பிரும்பானால் வேறு தொல்லை: அதிக நேரம் பாலிஷ் போட்டால் கிராஃபைட் பெயர்ந்து குழி மட்டும் மிஞ்சும். குழியைக் கிராஃபைட் என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு!

இப்போது முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் ஏமாற்றம்தான். வெறும் வெள்ளை, அங்கங்கே கசடுகள். அமிலம்தான் பேச வைக்கும். 98 மில்லி எத்தனாலில் 2 மில்லி நைட்ரிக் அமிலம், இதற்கு நைட்டல் என்று பெயர். ஆல்கஹாலில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். செறிவாகக் கலந்து இறுக மூடி வைத்தால் பாட்டில் வெடிக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் கலப்பதே நல்லது. துண்டை 5 முதல் 20 விநாடி முக்கி, பளபளப்பு மங்கியதும் எடுத்து, தண்ணீர், பிறகு ஆல்கஹால், பிறகு சூடான காற்று. தாமதித்தால் ஈரக்கறை படியும், அதையும் ஒரு நுண்ணமைப்பு என்று நம்பத் தோன்றும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்க்காரர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1860களில் இப்படி அமிலம் தொட்டு எஃகை நுண்ணோக்கியில் பார்த்தார். முத்துச் சிப்பிபோல மினுங்கிய பகுதிதான் பின்னால் பெர்லைட் என்று பெயர் பெற்றது. நம் பக்கத்து உருக்கில் அடித்த வாள்களின் அலைக்கோலத்தை வாள் செய்பவர்கள் அமிலச் சாறு பூசி வெளிக்கொண்டு வந்தது அவருக்கும் முன்னால். வெறுங்கண்ணுக்கே தெரிந்த கோலம் அது.

உலையில் ஆறிய அந்த ஈ.என்.8 துண்டில் வெள்ளைப் பகுதி ஃபெர்ரைட், அதாவது ஏறத்தாழத் தூய இரும்பு. கருத்தது பெர்லைட், ஃபெர்ரைட்டும் இரும்புக் கார்பைடும் வரிவரியாக அடுக்கியது. பெர்லைட்டில் கார்பன் 0.77 சதவீதம், ஃபெர்ரைட்டில் அதிகபட்சம் 0.02. கணக்குப் போட்டால் 0.4 சதவீத எஃகில் பாதிக்குப் பாதி. படத்தைப் பார்த்தே கார்பன் அளவை ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் உலையில் மெதுவாக ஆறிய துண்டுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. காற்றில் ஆறியதில் பெர்லைட் கணக்கைவிட அதிகமாகத் தெரியும், கார்பன் கூடிவிட்டதாக ஏமாறுவோம். 100 மடங்கில் பெர்லைட் வெறும் கறுப்புத் திட்டுதான். 500 மடங்குக்கு மேல் போனால்தான் அதன் வரிகள் பிரிந்து தெரியும்.

கடினத்தன்மையை அளக்க ராக்வெல் கருவி, முனையை அழுத்தி, பதியும் குறியின் ஆழத்தைப் பார்ப்பது. அதன் ‘சி’ அளவுகோலுக்கு 120 டிகிரி வைரக் கூம்பு, மொத்தச் சுமை 150 கிலோ. தண்ணீரில் போட்ட துண்டு 50ஐத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் உடனே எஃகைக் குறை சொல்லாதீர்கள். உலையில் மேற்பரப்புக் கார்பன் எரிந்து போயிருக்கலாம், அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இல்லையென்றால் தண்ணீரில் துண்டை ஆட்டாமல் விட்டிருப்பீர்கள், நீராவிப் போர்வை சூழ்ந்து சூடு வெளியேறியிருக்காது. அடுத்தடுத்த குறிகளின் மையங்கள், குறியின் விட்டத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும்.

அந்த மேசையில் மூன்று நுண்ணோக்கிகள் இருக்கின்றன. ஒன்றில் உலையில் ஆறியது, ஒன்றில் தண்ணீரில் ஆறியது, இன்னொன்றில் தண்ணீரில் ஆறி, வெட்டும்போது வேண்டுமென்றே தீய்த்த துண்டு. எது எது என்று சீட்டு ஒட்டவில்லை. வரிசையாக வாருங்கள்.