சாரல் காற்றா, பக்கத்துக் கட்டிலா?

அடுத்த கேள்வி, புளியரையிலிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறார்கள். மாமியார் புனலூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்களாம். "சாரல் தொடங்கினாலே அங்கே வரிசையாகச் சளி, இருமல். இந்த வாரம் ஆறு பேர். சாரல் காற்று ஆகாது என்று சன்னலையெல்லாம் அடைத்துவிட்டார்கள், அது சரிதானா?" என்று கேட்கிறார்கள்.

சரியில்லை அக்கா. சாரல் காற்றில் கிருமி வருவதில்லை. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் ஒரே அறையில் மூச்சு விடுகிறோமே, அங்கேதான் பரவுகிறது. சாரல் நேரே அடிக்கும் பக்கத்துச் சன்னலைச் சாத்துங்கள், எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். போர்வை இன்னொன்று கொடுத்தால் போகிறது.

அப்புறம் ஒரு கேள்வி: கிருமி முதலில் உள்ளே எப்படி வந்தது? படுத்திருக்கிற பாட்டி வெளியே போகவில்லையே. பெரும்பாலும் நம்மைப் போல வந்து போகிறவர்கள், கவனித்துக்கொள்ளும் அக்காமார், இவர்கள் வழியாகத்தான். 2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் கிர்க்லாண்ட் ஊரில் ஒரு இல்லத்தில் கொரோனா பரவியதை ஆராய்ந்தபோது, உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்தவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தவர்களும் பரவலுக்குக் காரணமாக இருந்தது தெரிந்தது. நம் பக்கமும் அதே கதைதான். நான் போய்வந்த ஓர் இல்லத்தில் ஒரு அக்கா காய்ச்சலோடு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். அவரை எப்படிக் குறை சொல்வது? சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு கொடுக்காத இல்லத்தில் எத்தனை பாட்டில் சானிடைசர் வைத்தும் பெரிய பலன் இல்லை, என் கருத்து இது.

இன்னொன்று, வயதானவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமல் போகலாம். திடீரென்று சாப்பாட்டை ஒதுக்குவார்கள், ஆளை மாற்றிப் பேசுவார்கள், கீழே விழுவார்கள். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. கிர்க்லாண்ட் பக்கத்திலேயே இன்னொரு இல்லத்தில் கொரோனா உறுதியான 48 பேரில் 27 பேருக்குச் சோதனை எடுத்த அன்று அறிகுறியே இல்லை. ஃப்ளூவும் அப்படித்தான், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும்.

அதனால் மூன்று நாளுக்குள் இரண்டு பேருக்கு இருமல் வந்தாலே டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் மாமியார் இல்லத்தில் ஆறு பேர் ஆகிவிட்டது, இன்றைக்கே கூப்பிட வேண்டும். ஃப்ளூ என்றால் அதற்கான மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். இருமுகிறவர்களுக்குத் தனி அறை. அறை இல்லையா, கட்டிலையாவது தள்ளிப் போடுங்கள். அவர்களைப் பார்க்க ஒரே ஆள், அந்த ஆள் மற்ற கட்டிலுக்குப் போக வேண்டாம். ஆவி பிடிக்கிற மாஸ்க், நெபுலைசர் மாஸ்க், டம்ளர் எல்லாம் ஆளுக்கு ஒன்று. யாருக்காவது இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால் சளிப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், காசநோயாகவும் இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டியது, போட்டுச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் காப்பு வரும். அதனால் சாரலுக்கு முன்பே, மாமியாருக்கு மட்டுமில்லை, பார்த்துக்கொள்ளும் அக்காமாருக்கும் போடச் சொல்லுங்கள். சுக்குக் காபி தாராளமாகக் கொடுக்கலாம், தொண்டைக்கு இதம். ஆனால் அது ஊசிக்குப் பதில் ஆகாது.

நீங்கள் பார்க்கப் போகிற நாளில் உங்களுக்கே தொண்டை கரகரத்தால் போகாதீர்கள், வீடியோ காலில் பேசிக்கொள்ளுங்கள். சரி, அடுத்த கேள்வி செங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறது.