வெளிச்சம் நடக்குறவங்க மேல விழணும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நம்ம ஏரியா இருட்டா இருக்குன்னு சொன்னா உடனே "அதான் தெருவிளக்க எல்லாம் எல்இடியா மாத்திட்டாங்களே"ங்கிறாங்க. மாத்துனது உண்மைதான். ஆனா அந்தக் கம்பம் வண்டிக்காக நட்டது, உயரமா ரோட்டுப் பக்கம் கைய நீட்டிக்கிட்டு நிக்குது, கீழ தூங்குமூஞ்சி மரம் விரிஞ்சு கெடக்கு, வெளிச்சம் பூரா இலை மேலயே நின்னுடுது, பிளாட்பாரத்துல நடக்குற பொண்ணுக்கு எதிர்ல வர்றவன் மூஞ்சி தெரியல. ராத்திரி பத்தரைக்கு ட்ரெயின்ல வந்து இறங்குறவங்களப் பாருங்க, நடுரோட்டுலதான் நடக்குறாங்க, வண்டி இடிச்சாலும் பரவால்லன்னு.

வாட்ஸ் ஏத்துனா சரியாயிடும்னும் நெனைக்காதீங்க. ஒரு எடத்துல பளீர்னு அடிச்சு அடுத்த எடம் கும்மிருட்டுன்னா கண்ணு இருட்டுக்குப் பழகவே சில நிமிஷம் ஆகும், அதுக்குள்ள நாம அந்த இருட்டையே தாண்டிருப்போம். கம்மியா இருந்தாலும் சீரா இருக்கணும்.

லைட்டு போட்டா குத்தம் கொறையுமான்னு போன கூட்டத்துல ஒரு அண்ணன் கேட்டாரு. 2016ல நியூயார்க்ல, நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி குடியிருப்புங்க சுமார் 80ஐ எடுத்து, குலுக்கல் முறைல பாதிக்கு மட்டும் டவர் லைட் வச்சு ஆறு மாசம் பாத்தாங்க. ராத்திரில வெளிய நடக்குற பெரிய குத்தங்கள் கிட்டத்தட்ட 36 சதவீதம் கொறஞ்சுது.

ஆனா லைட்டுக்குக் கீழ ஆளும் வேணும்ங்க. முக்குல இட்லிக்கடை போட்டிருக்க அக்கா இருக்குற வரைக்கும் அந்தத் தெரு பயமில்ல, அவங்க வண்டிய மூடிட்டுப் போனதும் அதே தெரு வேற தெரு. 2019ல தமிழ்நாடு அரசு 24 மணி நேரமும் கடை தொறக்கலாம்னு உத்தரவு போட்டுச்சு, ஆனா அது பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற கடைங்களுக்குத்தான். அக்காவோட தள்ளுவண்டிக்கு அதுல எடமே இல்ல, நம்ம புள்ளைங்களுக்குக் காவலா நிக்குறதோ அவங்கதான். அவங்கள வெரட்டக் கூடாதுன்னு நாம சேந்து மனு குடுக்கணும், நான் எழுதிக் கொண்டாந்திருக்கேன், கையெழுத்துப் போடுங்க.

இப்ப மணி ஒன்பது. ஸ்டேஷன்லேந்து கோயில் தெரு வரைக்கும் நடக்கப் போறேன், எந்தக் கம்பம் எரியல, எந்தக் கெள மறைக்குதுன்னு நம்பரோட எழுதி நாளைக்குக் காலைல கார்ப்பரேஷன் புகார் நம்பர் 1913க்கு போன் போடணும். வர்றவங்க வாங்க, டார்ச் அடிக்காதீங்க, இருக்குற வெளிச்சத்துலயே நடந்து பாப்போம்.